எறிகாரர் ஓய்வுச் சட்டம்

கடத்தூரில் பேஸ்பால் ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்த ஆட்டத்தில் நியாயம் கெட்டுவிடக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை தோறும் கவலைப்படுவதற்கு ஒரு கழகம் இருந்தது. ராஜப்பன் உரக்கடைக்கு மேலே, யூரியா மூட்டை அடுக்கிய மாடி அறையில் அது கூடும்.

கழகம் பிறந்த கதை சிறியது. இங்கிலீஷ் வாத்தியார் மாதேஸ்வரனின் மச்சினன் அமெரிக்காவில் இருந்தார். அவர் ஊருக்கு வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பகடைகள், ஆட்டக்காரர்கள் பெயர் அச்சடித்த அட்டைகள், ஒரு சட்டப் புத்தகம். மட்டையும் வேண்டாம், பந்தும் வேண்டாம், மைதானமும் வேண்டாம். பகடையை உருட்டி அட்டையைப் பார்த்தால் ஒருவன் எறிந்ததும் இன்னொருவன் அடித்ததும் தெரிந்துவிடும்.

மாதேஸ்வரன் பெட்டியைப் பரண்மேல் போட்டு வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் சட்டப் புத்தகத்துக்குள் கரையான் புகுந்துவிட்டது. எப்படி ஆடுவது என்ற பகுதி போயிற்று. எப்படி ஜெயிப்பது என்ற பகுதியும் போயிற்று. பந்து எறிகிறவனுக்கு எப்போது களைப்பு வரும், அவனுக்கு எவ்வளவு ஓய்வு கொடுக்க வேண்டும் என்ற ஒரே ஒரு அத்தியாயம் மட்டும் முழுசாகத் தப்பியது. கரையானே கைவைக்காத அத்தியாயம் என்பதால் அதற்குத் தனி மரியாதை ஏற்பட்டது. மாதேஸ்வரன் அதை நல்ல தமிழில் பெயர்த்து எழுதினார். மற்றதையெல்லாம் கிரிக்கெட்டிலிருந்து கொஞ்சம், கபடியிலிருந்து கொஞ்சம் எடுத்து நிரப்பிக்கொண்டார்கள். அட்டையில் இருந்த பெயர்கள் வாயில் நுழையாததால் மேலே தாள் ஒட்டி, இடி இப்ராகிம், பொன்னுரங்கன் என்று தெரிந்த பெயர்களாக வைத்தார்கள்.

பகடையை யார் உருட்டுவது என்பதில் ஆரம்பத்தில் பெரிய சண்டை. அணி வைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் நம்பவில்லை. ஆட்டம் தெரிந்தவன் எவனும் ஏதாவது ஒரு பக்கம் சாய்வான் என்று துணிக்கடை ஹயாத் பாஷா சொன்னார். அது சரி என்று பட்டது. உரக்கடையைக் கூட்டிப் பெருக்கி, விதைப் பொட்டலம் கட்டி, டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த தீர்த்தம்மாளை மாடிக்குக் கூப்பிட்டார்கள். பேஸ்பால் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாதுங்க என்றாள். கிரிக்கெட்? அதுவும் தெரியாதுங்க என்றாள். ஒரு மனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவளுக்கு இன்னமும் தெரியாது என்பதை ஆண்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் கேட்டு உறுதிசெய்துகொண்டார்கள்.

இப்படித்தான் தீர்த்தம்மாளின் ஞாயிற்றுக்கிழமை போயிற்று. மற்ற ஆறு நாளும் முன்பே கடைக்குப் போயிருந்தன.

அவளுடைய புருஷன் மாது பெங்களூரில் கான்கிரீட் வேலைக்குப் போனவன். மாதத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை ராத்திரி வருவான். திங்கட்கிழமை காலையில் மேஸ்திரி ஆள் எண்ணும்போது அங்கே நிற்க வேண்டும் என்பதால் ஞாயிறு சாயங்காலம் தர்மபுரி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். நடுவில் இருக்கிற ஒரு பகல்தான் அவர்களுடைய குடித்தனம். அந்தப் பகலில் அவள் மாடியில் பகடை உருட்டிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டுக்கு வரும்போது அவன் முகம் கழுவிச் சட்டை மாட்டிக்கொண்டிருப்பான். பஸ் நிற்கிற இடம் வரைக்கும் சேர்ந்து நடப்பார்கள். பேச வேண்டியதையெல்லாம் அந்த நடையிலேயே பேசி முடிக்க வேண்டும்.

ஒரு தடவை நடந்துகொண்டே மாது கேட்டான்.

"இன்னிக்கு யாரு ஜெயிச்சது?"

"யாரும் ஜெயிக்கலீங்க. எறியறவரு களைச்சிட்டாராம்."

"எங்க எறிஞ்சான்?"

"அட்டையிலதானுங்க."

"அட்டைக்குக் களைப்பு வந்துச்சா?"

"வந்துச்சாமுங்க. படுக்க வெச்சிருக்காங்க."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஹயாத் பாஷாவின் எறிகாரர் இடி இப்ராகிம் வருஷம் முழுக்க ஓயாமல் எறிந்து, எதிரில் வந்தவர்களையெல்லாம் தோற்கடித்தார். அதிகம் தோற்றவர் கழகத் தலைவர் ராஜப்பன். ஒருநாள் அவர் எழுந்து, மனுஷன் கையா மெஷினா என்று கேட்டார். எந்த ஊரிலாவது ஒருவன் ஓய்வில்லாமல் இப்படி எறிவானா, இதில் உண்மைத்தன்மை எங்கே இருக்கிறது என்று கேட்டார்.

ஹயாத் பாஷா அவசரத்தில் ஒரு வார்த்தை விட்டுவிட்டார். "அது அட்டைங்க தலைவரே."

செயலாளர் மாதேஸ்வரன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். இந்த மாடியில் யாரும் அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்றார். ஹயாத் பாஷா வருத்தம் தெரிவித்தார். அன்றைக்கே எறிகாரர் ஓய்வுச் சட்டம் நிறைவேறியது. களைத்த எறிகாரரைப் படுக்க வைப்பதற்கு ஹயாத் பாஷாவே தன் கடையிலிருந்து ஒரு சட்டைப் பெட்டி கொண்டுவந்து, உள்ளே பஞ்சு பரப்பிக் கொடுத்தார்.

எறிகாரர் ஓய்வெடுக்கும்போது ஆட்டம் நிற்கும். ஆட்டம் நின்றால் அங்கத்தினர்கள் டீ குடிப்பார்கள். டீ போடுகிறவள் தீர்த்தம்மாள். ஆகவே எறிகாரருக்கு ஓய்வு கூடக் கூட அவளுக்கு வேலை கூடியது. பகடை டப்பாவைக் கீழே வைத்தால் டீச்சட்டி, டீச்சட்டியை இறக்கினால் பகடை டப்பா. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. சட்டத்தின் போக்கு அப்படி.

சித்திரை வெயில் ஏறியபோது சட்டமும் ஏறியது. வெயில் நாளில் எறிகிறவனுக்குக் களைப்பு சீக்கிரம் வரும் அல்லவா என்று மாதேஸ்வரன் யோசித்தார். கழகத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் காய்ச்சல் பார்க்கிற கருவி ஒன்றைக் கொடுத்தார். அதைச் சுவரில் தொங்கவிட்டார்கள். சுவருக்குக் காய்ச்சல் அடித்த நாளெல்லாம் எறிகாரர்கள் சட்டைப் பெட்டிக்குப் போனார்கள். பெட்டிக்குள் புழுக்கமாக இருக்கும் என்று ராஜப்பன் கடையிலிருந்த மேஜை ஃபேனை மேலே கொண்டுவரச் சொன்னார். பெட்டியைப் பார்த்தபடி அது சுற்றியது. தீர்த்தம்மாள் அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உருட்டினாள்.

அப்புறம் இடி இப்ராகிமுக்குத் தோளில் பிடிப்பு வந்தது. பகடை அப்படி விழுந்தது. மருந்துக்கடைக்காரர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தைலம் போட்டால் சரியாகும் என்று எழுதிக் கொடுத்தார். தைலம் அவர் கடையிலேயே கிடைத்தது. அட்டையில் தடவினால் பிசுபிசுத்து மற்ற அட்டையோடு ஒட்டிக்கொள்ளும், அது நியாயமாகாது என்று ஆட்சேபணை வந்ததால், பாட்டிலைத் திறந்து பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். தைலம் ஆவியாகிக் குறைகிற அளவுக்கு இப்ராகிம் குணமானதாகக் கணக்கு.

அந்த வாரம் தீர்த்தம்மாளுக்கே வலது தோள் தூக்க முடியவில்லை. ஆறு நாள் மூட்டை நகர்த்திய தோள், ஏழாம் நாள் டப்பா குலுக்கிய தோள். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது மாதேஸ்வரனிடம் போய், அந்தத் தைலத்தில் ஒரு சொட்டு எடுத்துக்கொள்ளலாமா என்று மெல்லக் கேட்டாள். மாதேஸ்வரன் கோபப்படவில்லை. நிதானமாக விளக்கினார். அவள் எடுத்தால் பாட்டில் குறையும். பாட்டில் குறைந்தால் இப்ராகிம் குணமாகிவிடுவார். குணமாகாதவர் குணமானதாக ஆகி மைதானத்துக்கு வந்து எறிந்தால் அவர் கதி என்ன ஆவது? தீர்த்தம்மாள் யோசித்துப் பார்த்தாள். அப்படிப் பார்த்தால் பாவம்தான் என்று பட்டது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

கடைசிப் போட்டி நெருங்கியது. ராஜப்பன் அணியும் ஹயாத் பாஷா அணியும் மோத வேண்டும். அதற்கு முந்திய ஞாயிறு ராஜப்பன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தம் எறிகாரர் பொன்னுரங்கன் உடம்பால் களைக்கவில்லை, மனசால் களைத்திருக்கிறார் என்றார். வெளியூர் ஆட்டமாகவே போட்டுக் கொடுத்ததால் அவர் வீட்டு முகம் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. இது உண்மையான ஆட்டமாக இருந்தால் அவருக்கு வீடு போய்வர லீவு கொடுத்திருப்பார்களா மாட்டார்களா?

பொன்னுரங்கனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று ஹயாத் பாஷா கேட்டார். அட்டையில் அது இல்லை. அரை மணி நேரம் விவாதித்து, ஆகிவிட்டது என்று முடிவு செய்தார்கள். சம்சாரம் ஏரியூரில் இருக்கிறாள் என்றும் முடிவானது. ஏரியூருக்குப் போகிற பஸ்ஸும் கூட்டமும் தெரிந்தவர்கள் ஆனதால் போகவர ஆகும் களைப்பையும் சேர்த்துக்கொண்டார்கள். ராஜப்பன் பேசினார்.

"கட்டினவ அங்க, இவன் இங்க. ராப்பகலா உழைக்கிறவனுக்குக் குடும்பத்தோட ஒரு நாள் இருக்க விடலன்னா நாம என்னாத்துக்கு மனுசங்க?"

மருந்துக்கடைக்காரர் மூக்கைச் சிந்தினார். பொன்னுரங்கன் அட்டையை எடுத்து ஜன்னல் ஓரமாக, ஏரியூர் இருக்கிற திசையில் வைத்தார்கள்.

தீர்த்தம்மாள் டீத் தட்டோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாது சொல்லியனுப்பியிருந்தான். வருகிற சனிக்கிழமை வருகிறான். அதற்கப்புறம் மேஸ்திரி ஆட்களையெல்லாம் ஹூப்ளிப் பக்கம் அணை வேலைக்கு லாரியில் ஏற்றுகிறார். போனால் தீபாவளிக்குத்தான் திரும்புவது. இவ்வளவு இளகியிருக்கிற மனசுகளை இனி எப்போது பார்க்கப் போகிறோம் என்று நினைத்து வாயைத் திறந்தாள்.

"எனக்கும் வர்ற ஞாயித்துக்கெழம ஒரு நாளு லீவு வேணுமுங்க. வூட்டுக்காரரு வர்றாருங்க."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சுவர்க் கடிகாரம் பேசியதுபோல் இருந்தது அவர்களுக்கு. ராஜப்பன்தான் முதலில் தெளிந்தார்.

"தீர்த்தம்மா, நீ ஆட்டக்காரியா? இல்ல. அணி வெச்சிருக்கியா? அதும் இல்ல. உன் கை காத்து மாதிரி. காத்து எங்கனாச்சும் லீவு கேக்குமா?"

நடுவில் கையை மாற்றினால் இரண்டு அணிக்கும் நியாயம் கெடும் என்று ஹயாத் பாஷா சொன்னார். எறிகாரர் களைப்பு சட்டத்தில் இருப்பதால் அது உண்மை, உருட்டுகிறவள் களைப்பு அத்தியாயத்தில் எங்கும் காணோம் என்று மாதேஸ்வரன் சொன்னார். கழகம் தொடங்கிய நாளாக ராஜப்பனும் ஹயாத் பாஷாவும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான். அதற்காகக் கை குலுக்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை மாது வந்தான். விஷயத்தைக் கேட்டான். திட்டவில்லை. திட்டுவதற்குத் தெம்பு வேண்டும். காலையில் அவள் கிளம்பும்போது அவனும் துண்டை உதறித் தோளில் போட்டு, ஊருக்குப் போகிற பையையும் எடுத்துக்கொண்டான்.

"நீங்க எங்கங்க?"

"நானும் வர்றன். ஓரமா ஒக்காந்துக்கறன். உன் மூஞ்சிய எங்க பாத்தா என்னா."

மாடியில் அவனைப் பார்த்ததும் ஒரு சலசலப்பு. உருட்டுகிறவளின் புருஷன் எதிரில் இருந்தால் கை நடுங்குமா என்று பேசினார்கள். பேஸ்பால் தெரியுமா என்று அவனையும் கேட்டார்கள். தெரியாது என்றதும் நிம்மதி. கழகத்துக்கு இதுவரை பார்வையாளர் என்று ஒருவரும் வந்ததில்லை என்பது அப்போதுதான் மாதேஸ்வரனுக்கு உறைத்தது. உண்மையான ஆட்டத்துக்குக் கூட்டம் உண்டல்லவா என்றார். ராஜப்பன் எழுந்து, திரண்டு வந்திருக்கும் ரசிகப் பெருமக்களுக்கு நன்றி சொன்னார். மாது யூரியா மூட்டை மேல் உட்கார்ந்து கும்பிட்டான்.

ஆட்டம் தொடங்கியது. ஏரியூரிலிருந்து மனத்தெம்போடு திரும்பியிருந்த பொன்னுரங்கன் எறிந்தார். ஹயாத் பாஷாவின் ஆட்கள் அடி அடி என்று அடித்தார்கள். தீர்த்தம்மாள் உருட்ட உருட்ட ராஜப்பனுக்கு எதிராகவே விழுந்தது. அவள் எதையும் கவனிக்கவில்லை. மூட்டைமேல் உட்கார்ந்திருக்கிறவன் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்தானே என்று நினைத்துக்கொண்டிருந்தாள். தோள் வலியில் டப்பாவை முழுசாகத் தூக்க முடியாமல், மேஜையை ஒட்டியே சாய்த்துக் கொட்டினாள்.

ராஜப்பன் அதைப் பார்த்துவிட்டார்.

"ஆட்டத்த நிறுத்துங்க," என்றார். "கை களைச்சிருக்குது."

ஹயாத் பாஷா சிரித்தார். "காத்துக்குக் களைப்பு ஏதுங்க தலைவரே? போன வாரம் நீங்கதான சொன்னீங்க?"

அது போன வாரம் என்றார் ராஜப்பன். பிறகு, கழக வரலாற்றிலேயே நீளமான பேச்சைப் பேசினார். உழைக்கிற கையைப் பாருங்கள் என்றார். விடிவதற்கு முன்னால் வந்து கடையைக் கூட்டுகிற கை அது. லாரி வந்தால் ஆள் கிடைக்காத நாளில் மூட்டை இறக்குகிற கை. காய்ச்சல் என்று சொன்ன நாளிலும் விடாமல் பொட்டலம் கட்டிய கை. பொங்கலன்றைக்குக்கூட வந்து கணக்குப் பார்க்கிற இடத்தைக் கழுவி விட்ட கை. இந்தக் கை களைக்காமல் வேறு எந்தக் கை களைக்கும்?

ஹயாத் பாஷா அசரவில்லை. "அப்பிடி வேல வாங்கினது யாருங்க?"

"நான்தான். அதனாலதான எனக்குத் தெரியுது," என்றார் ராஜப்பன். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். கைதட்டினார்கள்.

ஆனால் ஹயாத் பாஷா விடுகிறவர் இல்லை. கை இன்றைக்குக் களைத்தது என்றால் போன வாரமும் களைத்துத்தான் இருந்திருக்கும், போன வருஷமும் களைத்துத்தான் இருந்திருக்கும், அப்படியானால் நாம் ஆடிய ஆட்டம் ஒன்றாவது செல்லுமா என்று கேட்டார். தாம் ஜெயித்த கோப்பைகளை வரிசையாகச் சொன்னார். மாதேஸ்வரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இது தீர்கிற வரைக்கும் உருட்டக் கூடாது என்று உத்தரவு போட்டார். தீர்த்தம்மாளைப் போய் ஓரமாக உட்காரச் சொன்னார்.

அவளுக்கு எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. அந்த மாடியில் அவள் வேலையில்லாமல் உட்கார்ந்ததே இல்லை. மாது மூட்டைமேல் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டான்.

"எந்தப் பக்கம் வலிக்குது?" என்று கேட்டான்.

"சோத்தாங்கைப் பக்கமுங்க."

அவன் எழுந்து அவளுக்கு அந்தப் பக்கமாகப் போய் உட்கார்ந்து, தோளை மெல்லப் பிடித்துவிட்டான். ஹூப்ளியில் குளிர் எப்படி, போர்வை எடுத்துப் போகிறீர்களா என்று அவள் கேட்க ஆரம்பித்தாள். கேள்வி பாதியில் நின்றது. தலை அவன் தோளில் சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது.

முதலில் பார்த்தவர் மருந்துக்கடைக்காரர். ராஜப்பனுக்கு முகம் மலர்ந்தது. களைப்புக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்றார். தூக்கம் வேறு, களைப்பு வேறு என்றார் ஹயாத் பாஷா. தன் கடைப் பையன்கள் களைக்காமலேயே தூங்குகிறார்கள் என்றார். எது எப்படியானாலும் முடிவாகிற வரைக்கும் அத்தாட்சியைக் கலைக்கக் கூடாது என்று மாதேஸ்வரன் சொன்னார். ஆகவே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ராஜப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். டீ நேரம் வந்தபோது போட ஆள் இல்லாமல் மருந்துக்கடைக்காரரே அடுப்பைப் பற்றவைத்தார். அந்த டீயைக் குடித்தவர்கள் பாதியிலேயே டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

மாதுவுக்குக் கை மரத்துவிட்டது. அவன் அசையவில்லை. ஜன்னல் வெயில் மூட்டைமேல் ஏறி, அவள் முழங்காலைத் தாண்டி, முகத்துக்கு வந்தபோது துண்டை விரித்துப் பிடித்தான். அவள் இப்படித் தூங்கி அவன் பார்த்ததில்லை. பார்க்கிற பகலெல்லாம் அவள் இங்கே இருந்திருக்கிறாள்.

சாயங்காலம் ஆகிற வேளையில் கழகத்துக்கு வழி பிறந்துவிட்டது. மாதேஸ்வரன்தான் கண்டுபிடித்தார். களைத்தது வலது கை. எறிகாரர் ஓய்வுச் சட்டத்தை அதற்கு மட்டும் பொருத்தி, வலது கை ஓய்வில் இருப்பதாக எழுதிவிடலாம். இடது கையை மாற்று ஆளாக இறக்கலாம். பழைய கோப்பைகளுக்கும் பங்கம் இல்லை, இன்றைய ஆட்டமும் நடக்கும். ஓய்வில் இருக்கிற வலது கையால் டீயும் போட்டுக்கொள்ளலாம். ராஜப்பன் ஒத்துக்கொண்டார். ஹயாத் பாஷாவும் தலையாட்டினார். இவ்வளவு அழகான தீர்ப்பு அந்த மாடியில் வந்ததில்லை என்று எல்லோருக்கும் தோன்றியது.

"எழுப்புப்பா," என்று ராஜப்பன் மாதுவிடம் சைகை காட்டினார்.

கீழே ரோட்டில் தர்மபுரி பஸ் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கண்டக்டர் ஊர்ப் பெயர்களை அடுக்கிக் கூவினான். மாது மடியில் கிடந்த பையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். அன்றைக்கெல்லாம் கழகத்தாரிடம் தானாக ஒரு வார்த்தை பேசாதவன் வாயைத் திறந்தான்.

"ஒரு சந்தேகமுங்க."

ரசிகப் பெருமக்கள் பேசுவதை யாரும் எதிர்பார்க்கவில்லை. என்ன என்று கேட்டார் மாதேஸ்வரன்.

"எடது கை இதுவரைக்கும் ஒரு தடவையும் உருட்டலீங்களே. பழக்கமில்லாத கைய எடுத்த ஒடனே கடைசிப் போட்டியில எறக்கறது, உண்மையான ஆட்டத்துல உண்டுங்களா?"

ஹயாத் பாஷா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பழகாத கை இறங்குவது தம் அணிக்குச் செய்கிற துரோகம் என்றார். பழகாத கை யாருக்கும் சாயாது, அதுதான் பரிசுத்தமான கை என்றார் ராஜப்பன். மாதேஸ்வரன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பழக்கம் என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டும் என்றார். ராஜப்பன் குரலை உயர்த்தப் போனார். மாதேஸ்வரன் உதட்டில் விரல் வைத்து மூட்டைப் பக்கம் காட்டினார். அவர் குரலை இறக்கிக்கொண்டார்.

கீழே பஸ் இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பிப் போயிற்று. மாது மூட்டைமேல் இன்னும் கொஞ்சம் பின்னுக்குச் சாய்ந்து, அவள் தலையை வாகாக வைத்துக்கொண்டான். இந்தச் சந்தேகம் தீர்ந்தால் கேட்பதற்கு இன்னொன்றை யோசிக்க ஆரம்பித்தான்.